கள்ளும் புகையிலையும்

திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் உண்டு; புகையிலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சரக சம்ஹிதையில் மதாத்யயம் என்னும் குடிநோய்க்குச் சிகிச்சை கூறும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. புகையிலையால் வரும் நோய் எதற்கும் அதில் இடமில்லை. இதனைக் கொண்டு, நம் முன்னோர் மதுவை வெறுத்தனர், புகையிலையைப் பொறுத்தனர் என்று முடிவு கட்டுவாரும் உளர். உண்மை அதுவன்று. வள்ளுவரும் சரகரும் அந்தச் செடியைக் கண்டதே இல்லை. அஃது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நீதி நூல்களும் மருத்துவ நூல்களும் எழுதி முடிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், போர்த்துகீசியரின் கப்பல்களில் வந்து இறங்கிய விருந்தாளி அது.

இந்தக் கால வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், இவ்விரண்டில் எது உடலுக்குக் கூடுதலான கேடு செய்வது என்னும் வினாவுக்கு நம் நாட்டார் அளித்து வரும் விடைகளில் பாதி இதிலிருந்தே பிறந்தவை என்பது நம் கருத்து. குடிப்பவனை ஊரார் குடிகாரன் என்கின்றனர். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்கு அத்தகைய பட்டப் பெயர் ஏதும் கிடையாது. குடித்துவிட்டு வந்த மருமகனை வாசலிலேயே நிறுத்திவிடும் மாமனார், மற்றொரு நாள் அதே மருமகனுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டும்போது, அதன் ஓரத்தில் புகையிலைத் துண்டையும் மறவாமல் வைக்கிறார். ஒன்று பாவம், மற்றது உபசாரம்.

இந்த முரண்பாடு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மொகலாய அரண்மனையிலேயே அதன் தொடக்கத்தைக் காணலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீஜப்பூர் இளவரசியை அக்பரின் மகன் தானியாலுக்கு மணமுடிக்கும் காரியமாகத் தக்காணம் சென்ற தூதர்களுள் அசத் பேக் என்பவர் ஒருவர். அவர் பீஜப்பூரில் புகையிலையைக் கண்டு வியந்து, அழகிய வேலைப்பாடு கொண்ட புகைக்குழாயோடு அதனைக் கொணர்ந்து அக்பரின் முன் வைத்தார். பாதுஷா இரண்டொரு முறை இழுத்துப் பார்த்தார். அருகிருந்த அரண்மனை வைத்தியர் தடுத்தார். இம்மருந்து நம் நூல்களில் சொல்லப்படவில்லை, சோதித்து அறியாத பொருளைப் பாதுஷா உட்கொள்ளலாகாது என்பது அவர் வாதம். அசத் பேக் விடவில்லை. உலகத்தில் எந்தப் பழக்கமும் ஒரு காலத்தில் புதியதாக இருந்ததுதானே என்று அவர் திருப்பிக் கேட்டார். அக்பர் பின்னர் அதனைத் தொடவில்லை. அவருடைய பிரபுக்களோ தமக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கினர். வணிகர்கள் கொண்டுவந்து குவிக்கத் தொடங்கினர்.

எந்த இளவரசனின் திருமணத்தை முன்னிட்டு அந்தத் தூது சென்றதோ, அந்தத் தானியால் மணமான சிறிது காலத்திலேயே குடியினால் மாண்டான். அவனுக்கு முன்பே, 1599இல், அவன் அண்ணன் முராதும் குடியினால்தான் மாண்டிருந்தான். தானியாலுக்கு மது கிட்டாதவாறு காவல் போட்டிருந்தும், துப்பாக்கிக் குழலுக்குள் ஊற்றி அதனைக் கடத்திவந்து கொடுத்தார்கள் என்று மூத்த சகோதரர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அதே குறிப்பில், தாமும் ஒரு காலத்தில் இருமுறை வடித்த சாராயத்தை நாளொன்றுக்கு இருபது கிண்ணம் வரை குடித்ததாகவும், கை நடுங்கிக் கிண்ணத்தைப் பிடிக்க இயலாமல் பிறர் ஊட்ட நேர்ந்ததாகவும் மறைக்காமல் சொல்கிறார். அத்தகைய ஜஹாங்கீர்தான் 1617இல் புகையிலையைத் தடை செய்து ஆணை பிறப்பித்தவர்! பாரசீகத்தில் ஷா அப்பாஸும் அவ்வாறே தடுத்திருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1604இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதியிருந்தார். மன்னர்கள் மூவருடைய கண்டனத்தையும் மீறி அச்செடி மூன்று நாடுகளிலும் வேரூன்றிவிட்டது.

தமிழகத்தில் அது வேரூன்றிய வேகத்துக்கு மொழியே சான்று. சுருட்டு என்னும் நம் சொல் கடல் கடந்து சென்று ஆங்கில அகராதியில் ஏறியது. சீனிச் சர்க்கரைப் புலவர் என்பார், பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிப் புகையிலை விடு தூது என்று ஒரு பிரபந்தம் பாடிவிட்டார். கள்ளைத் தூது அனுப்பி ஒருவர் இறைவன்மேல் பாடியிருந்தால் சபையோர் பொறுத்திருப்பார்களா? யாழ்ப்பாணத்துப் புகையிலை தோணி தோணியாகத் திருவாங்கூருக்குச் சென்றது. அங்கே அதனை விற்கும் உரிமையை 1863 வரை அரசாங்கமே தன் கையில் வைத்துக்கொண்டு பெரும் வருவாய் கண்டது. இந்தத் திருவாங்கூர்த் தொடர்பைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் முக்கியமான பகுதி அங்கேதான் நிகழப்போகிறது.

மதுவின் கேட்டை மருத்துவர்கள் முதலில் அறிந்தனர். அஃது இயல்பே, பிணத்தை அறுத்துப் பார்த்தால் கல்லீரல் கண்ணுக்குத் தெரிகிறது. லண்டனில் மாத்தியூ பெய்லி என்னும் மருத்துவர், குடிப்பவர்களின் கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகிப்போவதை 1793இல் எழுதினார். கடற்படை வைத்தியராக இருந்த தாமஸ் டிராட்டர், குடிவெறியை ஒழுக்கக் கேடு என்று சொல்லி ஒதுக்காமல் மனத்தின் நோய் என்றே கருத வேண்டும் என 1804இல் வாதிட்டார். பிரான்சு நாட்டு லேன்னெக், அவ்வாறு இறுகிய கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் கொண்டு அந்நோய்க்கு 1819இல் சிரோசிஸ் என்று பெயரிட்டார். ஸ்வீடன் நாட்டு மாக்னஸ் ஹஸ் 1849இல் ஆல்கஹாலிசம் என்னும் சொல்லை மருத்துவத்துக்கு அளித்தார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்தச் சொல் பெரும் தொல்லை தருவது. குடிப்பழக்கம் என்றால் நோயின் கடுமை போய்விடுகிறது. குடிவெறி என்றால் வசையாகிவிடுகிறது. குடிநோய் என்பதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். சரகர் வைத்த பெயரும் அதற்கு அணுக்கமானதே.

மதுவின் வழி நேரானது. வயிற்றில் விழுந்த சில நிமிடங்களில் அஃது இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதனை முதலில் அசெட்டால்டிஹைடு என்னும் நச்சாகவும், பின்னர்த் தீங்கற்ற அசெட்டேட்டாகவும் மாற்றுகிறது. இடையில் தோன்றும் அந்த நச்சே உயிரணுக்களின் மரபுப் பொருளைக் கெடுப்பது. வேலை மிகுந்த கல்லீரலில் முதலில் கொழுப்பு படிகிறது, பிறகு அழற்சி, பிறகு தழும்பு. கொழுப்பு படிந்த நிலையில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தழும்பு விழுந்த பின்னர் அவ்வாறு மீள்வது அரிது. இவையன்றி மூளை, நரம்பு, இதயத் தசை, கணையம் ஆகியவற்றையும் அது விட்டுவைப்பதில்லை. கருவுற்ற தாய் குடித்தால் குழந்தையின் முகத்தோற்றமும் அறிவு வளர்ச்சியும் கெடும் என்பது 1973இல் அமெரிக்க மருத்துவர்களால் தெளிவாக வரையறுக்கப்பட்டது.

புகையிலை அவ்வாறு வெளிப்படையாக எதையும் செய்வதில்லை. புகைப்பவன் தள்ளாடுவதில்லை, மனைவியை அடிப்பதில்லை, மறுநாள் காலை தவறாமல் வேலைக்குப் போகிறான். கணக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே வருகிறது. அதனால்தான் அதனைப் பிடிக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகத்துக்கு அந்தச் செய்தியை முதலில் சொன்ன இடங்களுள் ஒன்று, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் என்னும் சிற்றூர் என்பது தமிழர் பலர் அறியாத செய்தி.

நெய்யூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்து வந்தது. அப்போது அவ்வூர் திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. அந்த மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளிகளின் எண்ணிக்கையும், அவர்களுள் பலருக்குக் கன்னத்தின் உட்புறத்திலேயே நோய் கண்டிருந்ததும் ஆங்கில மருத்துவர்களைத் திகைக்கச் செய்தன. ஐரோப்பாவில் வாய்ப்புற்று அருமையாகக் காண்பது. பெண்டால் என்னும் மருத்துவர் 1908இல் இங்குக் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். வெப்பநாடுகளில் புற்றுநோய் அரிது என்று அந்நாளில் சொல்லி வந்தவர்களுக்கு அது தக்க விடையாயிற்று.

1933இல் அதே நெய்யூரிலிருந்து ஆர் என்னும் மருத்துவர், லான்ஸெட் இதழில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். நோயாளி தாம்பூலத்தை எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறாரோ அந்த இடத்தில் புண் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். இதற்கு மேல் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? ஆயினும் குற்றவாளி யார் என்பதில் வழக்கு நீடித்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நால்வரும் ஒரே கூட்டில் நின்றனர். சுண்ணாம்பின் காரமே காரணம் என்றனர் சிலர். பாக்கின் துவர்ப்பு என்றனர் வேறு சிலர். 1955இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்து சங்வி, ராவ், கானோல்கர் ஆகியோர் செய்த ஆய்வு, மெல்லுபவர்களுக்கு வாயினுள்ளும் பீடி புகைப்பவர்களுக்கு நாவின் அடியிலும் தொண்டையிலும் புற்று மிகுவதைப் பிரித்துக் காட்டியது. 1959இல் அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் எழுதிய ஆய்வு தமிழகத்து நோயாளிகளைக் கொண்டே இதனை ஆராய்ந்தது. ஜப்பானியரான ஹிராயாமா 1966இல் இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் விவரங்களைத் திரட்டி, இரவில் தாம்பூலத்தை வாயில் அடக்கியபடியே உறங்குவோருக்கு அபாயம் மிக மிகுதி என்று காட்டினார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் தீர்மானித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும் அத்தகையனவே என்ற தீர்ப்பு 2004இல் வெளிவந்தது. ஆக, நால்வருள் இருவர் குற்றவாளிகள். பாக்கை மட்டும் மெல்லுகிறோம் என்று ஆறுதல் கொள்வோர் இதனைக் கேட்டு வருந்தக்கூடும்.

நுரையீரல் புற்றின் கதை மேலை நாடுகளுக்கு உரியது. அது பலரும் அறிந்தது. 1939இல் ஜெர்மனியில் முல்லர் இதனைச் சுட்டிக்காட்டினார். போரின் இரைச்சலில் உலகம் அதனைக் கேட்கவில்லை. 1950இல் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் இருவரும், இங்கிலாந்தில் டால், ஹில் இருவரும் தனித்தனியே நிறுவினர். ரிச்சர்டு டால் அந்த ஆய்வின் இடையிலேயே தம் சிகரெட்டை விட்டுவிட்டார். பிறகு 1951 தொடங்கி ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களையே அவர் தொடர்ந்து கண்காணித்தார். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர் என்றும், முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுதாகவும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறையும் மீட்டனர் என்றும் 2004இல் முடிவு வெளிவந்தது.

இங்கே இரு தீமைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு நாடு ஜெர்மானியர் வசம் சிக்கியபோது, திராட்சை மதுவுக்கும் பங்கீட்டு முறை வந்தது. அந்தச் சில ஆண்டுகளுக்குள்ளேயே பாரிஸ் நகரில் கல்லீரல் சுருக்க நோயால் இறப்போர் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. மது மீண்டும் கிடைத்ததும் சாவும் மீண்டது. மதுவை நிறுத்தினால் ஊரின் சாவுக் கணக்கு விரைவில் இறங்குகிறது. புகையிலையோ கடன்காரனைப் போன்றது. ஒரு தலைமுறை புகைக்கத் தொடங்கினால் அடுத்த தலைமுறையின் காலத்தில்தான் வட்டியும் முதலும் வசூலாகும். நிறுத்திய பின்னும் நாடு முழுவதும் அதன் பயனைக் காணப் பல ஆண்டுகள் செல்லும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்களிடம் செல்ல வேண்டிய ஆட்சியாளர்கள் இவ்விரண்டில் எதன் மீது முதலில் கை வைப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறும் அவ்வாறே சென்றது. பிரிட்டிஷார் காலத்தில் ஆப்காரி வருமானம் மாகாணங்களுக்கு உயிர்நாடி. ஆப் என்றால் பாரசீகத்தில் தண்ணீர். கள்ளையும் சாராயத்தையும் கண்காணித்த இலாகாவுக்கு இந்தக் குளிர்ச்சியான பெயர் எவ்வாறு பொருந்தியதோ! 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி, தம் சொந்த மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு அது சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இவ்வளவும் நடந்த காலத்தில் புகையிலைக்கு நேர்ந்தது என்ன? 1943இல் மத்திய அரசாங்கம் அதற்குக் கலால் வரி விதித்தது. அவ்வளவே. ஒன்று விலக்கப்பட்டது, மற்றது வரி செலுத்தும் கௌரவம் பெற்றது.

அரசியலமைப்பிலும் இந்தப் பிரிவினை ஏறிவிட்டது. 47ஆவது விதி, போதை தரும் பானங்களையும் உடல் நலத்துக்குக் கேடான போதைப் பொருள்களையும் மருந்துக்கன்றி நுகர்வதை விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. புகையிலை என்னும் சொல் அங்கு இல்லை. அச்சொல் இருப்பது ஏழாவது அட்டவணையில், மத்திய அரசின் கலால் வரிக்குரிய பொருள்களின் வரிசையில்! மது மாநிலங்களின் கையிலும், புகையிலை மத்திய அரசின் கையிலும் சென்று சேர்ந்தன. 1975இல் பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, சிகரெட்டுப் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்பது. மற்றொன்று, புகையிலைப் பயிரையும் ஏற்றுமதியையும் வளர்க்கப் புகையிலை வாரியம் அமைப்பது. ஒரே ஆண்டில், ஒரே சபையில் இரண்டும் நிறைவேறின. 2003ஆம் ஆண்டும் இத்தகையதே. அவ்வாண்டு மே மாதம் புகையிலை விளம்பரத்தையும் பொது இடங்களில் புகைப்பதையும் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்தது. நவம்பரில் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 1971இல் முதன்முறையாகத் தளர்ந்த மதுவிலக்கு, இடையில் சில முறை திரும்பியும் தளர்ந்தும், இவ்வாறு வந்து நின்றது.

பெண்கள் எழுந்தபோது சட்டம் அசைந்ததும் உண்டு. 1992இல் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குச் சென்ற கிராமப் பெண்கள் சாராயக் கடைகளை மூடச் செய்தனர். மறு ஆண்டே அம்மாநிலத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கே வந்து, இரண்டே ஆண்டுகளில் நீங்கியது. புகையிலைக்கு எதிராக அவ்வாறு ஊர் திரண்டதாகச் சரித்திரம் இல்லை. அடியும் பசியும் பட்ட பெண்ணுக்குக் கள்ளுக்கடை எதிரி என்று தெரிகிறது. கணவனின் பீடிப் புகை தன் நுரையீரலையும் தீண்டுகிறது என்பதை யாரேனும் சொன்னாலன்றி அவள் அறிய வழியில்லை. புகைக்காத மனைவியருக்கும் கணவரின் புகையால் நுரையீரல் புற்று மிகுவதை 1981இல் எடுத்துக் காட்டியவரும் முன்னர்ச் சொன்ன அதே ஹிராயாமாதான்.

இனி எண்களைப் பார்ப்போம். உலகத்தில் ஆண்டுதோறும் புகையிலையால் இறப்போர் 70 லட்சத்துக்கும் மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மதுவால் 2019இல் இறந்தோர் ஏறத்தாழ 26 லட்சம். இந்தக் கணக்கில் புகையிலையே பெரும் கொலைகாரன். ஆனால் 2010இல் பிரிட்டனில் டேவிட் நட் முதலிய நிபுணர்கள் இருபது போதைப் பொருள்களை நிறுத்து, நூற்றுக்கு மது 72, புகையிலை 26 என்று தீங்கு மதிப்பெண் இட்டனர். மதுவே முதலிடம் பெற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றும். முரணில்லை. முதலாவது இறந்தவர்களின் தலையை எண்ணுகிறது. இரண்டாவது, குடிப்பவனால் பிறர் படும் அல்லலையும் தராசில் வைக்கிறது: விபத்து, அடிதடி, சிதைந்த குடும்பம், பட்டினி கிடக்கும் பிள்ளை. எது அதிகக் கேடு என்று கேட்பவர், யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புகையிலை பெரும்பாலும் தன்னைப் பயன்படுத்துகிறவனையே கொல்கிறது. மது அவனோடு நிற்பதில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை நாம் தயங்காமல் சொல்லக்கூடியது, பரவலில் புகையிலைக்கு நிகரில்லை என்பதே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், வயது வந்த ஆண்களுள் நூற்றுக்கு 38 பேர் புகையிலையும், 19 பேர் மதுவும் பயன்படுத்துவதாகத் தெரிந்தது.

அன்றியும், இந்த நாட்டில் புகையிலை புற்றுநோயை மட்டும் தருவதன்று. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரத்தைக் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் திரட்டி 2003இல் வெளியிட்டனர். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று கண்டனர். ஆண்களின் காசநோய்ச் சாவில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே பொறுப்பு. நெருக்கமான குடியிருப்புகளில் பத்துப் பேராக ஓர் அறையில் தங்கிப் பிழைக்கும் தொழிலாளிகளுக்கு இந்தச் செய்தி நுரையீரல் புற்றைவிட நெருங்கியது. மதுவும் இதில் கூட்டாளி. மிகுந்த குடி உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக் காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் மற்றொன்றையும் கண்டிருப்பர். நம் ஊரில் புகையிலை என்றால் வெற்றிலையோடு வரும் துண்டு. அல்லது சுருட்டு, பீடி, பொடி. பிழைக்கச் சென்ற இடத்தில் அது புதிய வேடங்களில் எதிர்ப்படுகிறது. பீகாரியர் உள்ளங்கையில் சுண்ணாம்போடு தேய்த்து உதட்டில் அடக்கும் கைனி. மராட்டியத்தில் பெண்கள் வறுத்துப் பொடித்துப் பல்லில் தேய்க்கும் மிஸ்ரி. ஆந்திரக் கடற்கரையில் கொள்ளிமுனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் சுட்டா. கடைசியாகச் சொன்னது மேலண்ணத்தில் புற்று விளைப்பது. பொட்டலத்தில் வந்த குட்கா இவற்றையெல்லாம் விஞ்சியது. 2012 முதல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைத் தடை செய்தன. பாக்குப் பொடி ஒரு பொட்டலமாகவும் புகையிலை மற்றொரு பொட்டலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கத் தொடங்கின. வாங்குகிறவர் தாமே கலந்துகொள்கிறார். நம் சொல்லைப் பாருங்கள், புகையிலை. 2016–17ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்நாட்டில் அதனைப் புகையாக்குவோரைவிட மெல்லுவோரே இரு மடங்கு.

விஷச் சாராயத்தைப் பற்றி ஒரு சொல். அது மதுவின் கணக்கில் சேர்க்கப்பட்டாலும் உண்மையில் வேறு நஞ்சு. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கி உயிரையும் குடிக்கிறது. 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் இவ்வாறு மாண்டனர். முதலாவது மதுவிலக்கு உள்ள மாநிலம். இரண்டாவது அரசே மது விற்கும் மாநிலம். மதுவிலக்கை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்தச் சாவுகளைத் தத்தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்தாள்கின்றனர். இறந்தவர்கள் இரண்டு இடத்திலும் மலிவான மது தேடிய கூலித் தொழிலாளிகளே.

இதுகாறும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினோம். நடைமுறையில் அவை ஒரே கையில் இருப்பவை. கடையில் குடிக்கும் மனிதர் மற்றொரு விரலிடுக்கில் பீடியும் வைத்திருக்கிறார். மது வாயின் மென்தோலை இளக்கி, புகையிலையின் நச்சு உள்ளே இறங்க வழி செய்துகொடுக்கிறது. ராத்மன், கெல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1972இல் இதனைக் கணக்கிட்டனர். இரண்டையும் மிகுதியாகக் கொள்வோருக்கு வாய்ப்புற்று வரும் அபாயம், இரண்டும் இல்லாதவருக்கு உள்ளதைப் போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. இரு தீங்குகளையும் கூட்டினால் வரும் தொகையன்று இது, பெருக்கினால் வருவது. மது தானே புற்று விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 1988இல். கள்ளுண்ணாமை பாடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆன பின்னும், சாராயக் குடுவையில் புற்றுநோய் எச்சரிக்கையைப் பார்ப்பது நம் நாட்டில் அரிது. சிகரெட்டுப் பெட்டியில் 2009 முதல் படமே இருக்கிறது. பழைய பாவத்துக்குச் சலுகை, புதியதற்குக் கண்டிப்பு என்று இங்கே மட்டும் முறை மாறிவிட்டது.

நெய்யூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரும் சோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தையும் நாவையும் ஈறையும் கண்ணால் பார்த்தனர். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, செந்திட்டு இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினர். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. 2005இல் முடிவு வெளிவந்தபோது, புகையிலையோ மதுவோ இரண்டுமோ பயன்படுத்தியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்தப் பரிசோதனைக்குப் பிடிக்கும் நேரம் சில நிமிடங்களே. கண்ணாடி முன் நின்று விரலால் கன்னத்தை விலக்கித் தாமே பார்த்துக்கொள்ளவும் கூடும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஏதேனும் இருந்தால், அண்மையில் உள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம்.